பொலிசுக்கு நீட்டிய முறுக்குப் பேணி

நீ வளர்ந்த பிறகு உன் குகன் மாமாவைப் பற்றிக் கேட்பாய். ஏன் படிப்பை இடையில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார், ஏன் அவரால் இனி அமெரிக்காவுக்குள் கால் வைக்க முடியாது என்று. உன் அப்பா, விசாவில் ஒரு சிக்கல் என்பார். அது பொய் இல்லை. இராசா அண்ணை, கூடாத சகவாசம் என்பார். அதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் அந்தப் பேணியைத் திறந்தது நான் என்பதை இந்த இரண்டு பேரும் உனக்குச் சொல்லமாட்டார்கள். ஒருவர் என்னைக் காப்பாற்றுவதற்காக, மற்றவர் மறந்துபோய். என் வாயால் சொல்லவும் எனக்கு வராது. என்னைப் பற்றி நானே பேசுவது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழக்கமில்லை. மாமா போன செவ்வாய்க்கிழமை விமானம் ஏறினார். உனக்கு இப்போது நாலு வயது, எனக்கு இருபத்தாறு. இந்த வயதில் பிள்ளைக்குப் புத்திமதிக் கடிதம் எழுதுவதைப் பார்த்து நீ சிரிக்கலாம். ஆனால் நீ பெரியவளாகும்போது எனக்கு இதெல்லாம் ஆறிப்போயிருக்கும். ஆறிய பிறகு நான் இதை அழகாகச் சொல்லிவிடுவேன். அதனால்தான் ஆறுவதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் ரொறன்ரோவில் எங்கள் வெக்ஸ்போர்டிலிருந்து காரில் புறப்பட்டு, நயாகராப் பக்கம் எல்லைப் பாலத்தைக் கடந்து, அமெரிக்காவில் மாமா படித்த ஊருக்குப் போவோம். அங்கே ஒரு பழைய மரவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து அவர் தனியாக இருந்தார். போனவுடன் நான் அவருடைய உடுப்புகளைத் தோய்ப்பேன், ஸ்திரிக்கைப் பெட்டி போட்டு மினுக்குவேன், ஒரு கிழமைக்குக் காணும் அளவுக்குக் கறி வைத்துக் குளிர்ப்பெட்டியில் அடுக்குவேன். அந்த வீட்டுத் திறப்பு ஒன்று என் கைப்பையிலேயே கிடந்தது. தம்பியின் வீட்டில் அக்கா ஒரு அலுமாரியைத் திறப்பதற்கு யாரையாவது கேட்க வேண்டும் என்று எங்கள் ஆட்களில் யாருக்காவது தோன்றுமா? எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மாமா நூலகத்துக்குப் போயிருந்தார். அப்பா காருக்குப் பெற்றோல் அடிக்கப் போயிருந்தார். வீட்டில் நீயும் நானும் மட்டும்.

கதவைத் தட்டியது இரண்டு பொலிஸ்காரர். ஒருவர் வயது போனவர், சிவந்த முகம். மற்றவர் இளந்தாரி. அடுத்த வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி களவு போய்விட்டதாம், யாரையும் கண்டீர்களா என்று கேட்டார்கள். காணவில்லை என்றேன். உள்ளே வரலாமா என்று பெரியவர் கேட்டார். நான் கதவை அகலத் திறந்து, வாருங்கள், இருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் மிதியடியில் சப்பாத்தை இரண்டு தடவை துடைத்துவிட்டு வந்தார். இது உங்கள் வீடா என்று கேட்டார். ஆம், எங்கள் வீடு என்றேன். ஒருமுறை சுற்றிப் பார்க்கலாமா, எல்லா வீடுகளிலும் பார்க்கிறோம் என்றார். பாருங்கள் என்றேன். இளந்தாரி அறைகளுக்குள் போனார். நானும் பின்னால் போய், அவர் கேட்காமலே அலுமாரிக் கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே நான் மினுக்கி மடித்து வைத்த சேட்டுகள் வரிசையாக இருந்தன. அதில் எனக்கு ஒரு பெருமை. களவுபோன பெட்டி அங்கே இல்லை. அவர்கள் நன்றி சொல்லிப் புறப்பட்டார்கள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்த இரண்டு பேரை வெறும் வாயோடு அனுப்புவதா? தேத்தண்ணி வேண்டாம் என்றார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, கதிரையில் ஏறி மேல்தட்டிலிருந்த நீலநிறப் பிஸ்கற் தகரப் பேணியை எடுத்தேன். போன மாதம் நான் முறுக்குச் சுட்டு நிரப்பிக் கொடுத்த பேணி அது. பாரமில்லாமல் இருந்தது. இவன் தின்று தீர்த்துவிட்டான், அடியில் நாலைந்தாவது கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து பெரியவரின் முன்னால் நீட்டினேன்.

உள்ளே ஒரு பொலித்தீன் பை, அதற்குள் ஒரு கைப்பிடி காய்ந்த இலை. பெரியவர் பேணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் பேணியைப் பார்த்தார். என்னைவிட அவருக்குத்தான் முதலில் அதிர்ச்சி என்று நினைக்கிறேன். இது என்னவென்று தெரியுமா, மேடம், என்று மெதுவாகக் கேட்டார். தேயிலையாக இருக்கலாம் என்றேன். இளந்தாரி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் சிரிக்கவில்லை. "கஞ்சா" என்றார். தம்பியா? நான் தோய்த்து மினுக்கிய அந்தச் சேட்டுகளைப் போட்டுக்கொண்டு திரிந்தவனா? அரை மணித்தியாலத்தில் மாமா புத்தகங்களோடு வந்தார். மேசையில் பேணி திறந்தபடி இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னக்கா செய்து வைச்சிருக்கிறியள்? ஏன் உவையை உள்ளுக்கு விட்டனீங்கள்?"

"வந்தவையை வாசலிலயோ நிப்பாட்டுறது?" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

அவருக்கு விலங்கு போட்ட பிறகு இளந்தாரி சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய அட்டையை எடுத்து நிதானமாக வாசித்தார். பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, சட்டத்தரணி ஒருவரை வைத்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு, இப்படி. கோயிலில் வாசிப்பது போல ஒரு சொல்லும் தவறாமல் வாசித்தார். எல்லாம் எடுத்து முடிந்த பிறகு இவ்வளவு மரியாதையாக உரிமைகளை வாசித்துக் காட்டும் ஒரு நாட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குள் ஒரு சின்ன வியப்புக்கூட எழுந்தது. அந்த வியப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை மாமாவின் சட்டத்தரணியைச் சந்தித்தோம். என்னைவிட ஐந்தாறு வயது கூடின ஒரு மனிதர், மேசையில் பாதி தின்ற சான்ட்விச். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "நீங்கள் 'முடியாது' என்று சொல்லியிருக்கலாம்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர்களிடம் நீதிபதி கொடுத்த பிடியாணை இல்லை. நீங்கள் முடியாது என்று கதவைச் சாத்தியிருந்தால் அவர்கள் திரும்பிப் போயிருக்க வேண்டும். எங்கள் அரசியலமைப்பு அப்படிச் சொல்கிறது என்றார். அப்படியானால் அவர்கள் ஏன் அதை எனக்குச் சொல்லவில்லை, அட்டையில் அது இல்லையா என்று கேட்டேன். அந்த அட்டை கைதாகிறவருக்கு மட்டும்தான் என்றார். கதவைத் திறக்கிறவருக்கு, மறுக்கும் உரிமை உண்டென்று பொலிஸ் சொல்ல வேண்டியதில்லை. நீதிபதிகளே தங்களுக்குள் பிரிந்து நின்று வாதாடி, கடைசியில் இரண்டு வருடங்களுக்கு முன் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னதாம். ஒரு நாடு தன் மக்களுக்கு ஒரு பூட்டைக் கொடுத்துவிட்டு, பூட்டு இருக்கிற விஷயத்தை வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்ப்பும் எழுதுமா?

ரொறன்ரோவுக்கு வந்ததும் நான் நூலகத்துக்குப் போய் அந்த அரசியலமைப்பை எடுத்து வாசித்தேன். நான் எதையும் வாசித்துத்தான் ஆறுகிறவள். அதில் தேடுதலைப் பற்றிய நாலாவது திருத்தம் ஒரே ஒரு வசனம். மனிதர்களும், அவர்களின் வீடுகளும், தாள்களும், பொருட்களும் காரணமில்லாத தேடுதலிலிருந்து காக்கப்பட வேண்டும் என்று. மூன்று தடவை வாசித்தேன். அதில் குற்றவாளி, நிரபராதி என்ற பேச்சே இல்லை. கஞ்சா வைத்திருந்தவனுக்கும் அது காவல், வைக்காதவனுக்கும் காவல். பிழையான வழியில் எடுத்த சாட்சியை நீதிமன்றம் தூக்கி எறிய வேண்டும் என்பது அங்கே சட்டம். அது சரியா பிழையா என்று பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் சண்டை. கனடாவில் நிலைமை வேறு. எந்த வழியில் எடுத்தாலும் இங்கே சாட்சி பெரும்பாலும் சாட்சிதான். நான் வாழும் நாட்டில் அந்தக் காவல் இல்லை; அது இருக்கும் நாட்டில் அதை நானே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இராசா அண்ணை வந்தார். அப்பாவோடு மிசிசாகாவில் ஒரே கந்தோரில் வேலை செய்கிறவர், எங்களுக்கு இங்கே உறவு என்று சொல்லக்கூடிய ஒரே ஆள். நல்ல மனிதர், வாய் மட்டும் பெரிது.

"கஞ்சா வைச்சிருந்தவன் வைச்சிருந்தவன்தானே தங்கச்சி. உதில என்ன உரிமை? கள்ளனைப் பிடிச்ச பிறகு, பிடிச்ச கை இடதோ வலதோ எண்டு பாக்கிற நாடு உது ஒண்டுதான்."

"அப்ப அண்ணை," என்றார் அப்பா, "நாளைக்கு உங்கட வீட்டுக்குள்ள பூந்து அலுமாரியைக் கிண்டினால் பேசாமல் இருப்பியளோ?"

"என்ரை அலுமாரியில என்ன கிடக்கு, மனிசியின்ர சீலையும் பூச்சி உருண்டையும். கிண்டட்டுமே." பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ஆனாத் தங்கச்சி, இனிமேல் பொலிசுக்கு முறுக்குக் குடுக்காதையும். மிக்சர் குடும். அதுக்குள்ள ஒண்டும் ஒளிக்க ஏலாது."

அப்பா சிரித்துவிட்டார். நான் எழும்பி அடுப்படிக்குப் போனேன். சிரித்ததற்காக அன்றிரவு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் பிள்ளை, எனக்கு இராசா அண்ணையின் மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் பாதியை நானே நினைத்திருந்தேன். தம்பி பிழை செய்தவன்தான். பிழை செய்தவனைக் காக்கும் ஒரு சட்டத்தை நான் ஏன் இவ்வளவு விரும்புகிறேன், அவன் என் தம்பி என்பதாலா? வேறொருத்தியின் தம்பியாக இருந்தால் நானும் இடது கை வலது கை என்று கேலி செய்திருப்பேனா? உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒரு சட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லுமுன், அது உன் வீட்டு மேசையில் கிடந்தால் என்ன சொல்லுவாய் என்று கேட்டுப் பார். மேசையில் கிடக்கும்போது, அது வேறொருவர் வீட்டில் என்றால் என்ன சொல்லியிருப்பாய் என்றும் கேட்டுப் பார்.

பிறகு சட்டத்தரணி தொலைபேசியில் கூப்பிட்டார். பேணியைச் சாட்சியமாக ஏற்கக்கூடாது என்று மனுப் போட்டிருப்பதாகவும், நான் வந்து சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். கேள்வி ஒன்றுதான்: நான் அனுமதி கொடுத்தது மனமுவந்தா, அச்சத்தாலா? "நீங்கள் வெளிநாட்டுப் பெண். தனியாக, கையில் ஒரு பிள்ளை. வாசலில், இடுப்பில் துவக்கோடு இரண்டு ஆண்கள். பயந்திருப்பீர்கள், இல்லையா?" என்றார். நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். "யோசித்துப் பாருங்கள்" என்றார் இரக்கத்தோடு. பேணி சாட்சியமானால் மாமா குற்றவாளி. குற்றவாளியானால் படிப்பும் இல்லை, அந்த நாடும் இல்லை. எல்லாம் என் வாயில் இருந்தது. உன் அப்பா என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நீர் என்ன சொல்லப் போறீர்?"

"நான் பயப்படேல்லையப்பா. சந்தோசமாத்தான் கூப்பிட்டனான்."

"அப்ப அதையே சொல்லும்" என்றார். பிறகு, "ஆனால் குகன்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

பாலத்தைக் கடக்கும்வரை உண்மையைச் சொல்லுவது என்றுதான் இருந்தேன். சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகு அரசாங்கத் தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். அவர்கள் சத்தம் போட்டார்களா? இல்லை. மிரட்டினார்களா? இல்லை. துவக்கைத் தொட்டார்களா? இல்லை. நீங்களே கதிரை எடுத்துப் போட்டீர்களா? ஆம். நீங்களே கதிரையில் ஏறிப் பேணியை எடுத்தீர்களா? ஆம். அவர்களுக்குத் தின்னக் கொடுக்கவா? ஆம். பிறகு கொஞ்சம் புன்னகையோடு, "நீங்கள் பயப்படும் ஆட்களுக்குத் தின்னக் கொடுப்பீர்களா, மேடம்?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் எனக்கு என் அம்மாவின் கைகள் கண்ணில் தெரிந்தன. யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரி வாசலில் தமிழுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்த அறுபத்தொன்றாம் வருடம், எனக்குப் பன்னிரண்டு வயது. என் அப்பாவும் போய் இருந்திருந்தார். அதைப் பற்றி விசாரிக்க ஒரு சப் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். அம்மா சிரித்த முகத்தோடு கதிரை போட்டா, கோப்பி கொண்டுவந்தா, அவர் தின்னத் தின்னத் தட்டில் பலகாரத்தை வைத்தா. கோப்பி ஒரு துளி சிந்தவில்லை. அவர் போன பிறகு அம்மா கிணற்றடிக்குப் போய்க் குனிந்து, வயிற்றிலிருந்ததெல்லாம் வரச் சத்தி எடுத்தா. நான் முதுகைத் தடவிவிட்டேன். அதைப் பதினாலு வருடம் நான் நினைக்கவே இல்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்ததை நான் இவ்வளவு காலமும் உபசாரம் என்று நினைத்திருந்தேனா? சீருடை போட்டவர் வந்தால் எங்கள் கால்கள் தாமாகவே கதிரை எடுக்கப் போகின்றனவே, அது என்ன? என்னுடையதும் அதுதானா?

"ஆம்," என்றேன். "அவர்களுக்குத்தான் முதலில் கொடுப்போம்."

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். நான் நகைச்சுவை சொன்னதாக நினைத்தார்கள் போல. எங்கள் சட்டத்தரணி எழுந்து, அப்படியென்றால் நீங்கள் பயந்தீர்களா என்று கேட்டார். ஆம் என்றேன். எவ்வளவு? என் தம்பியைப் பார்க்காமல், மிகவும் என்றேன்.

ஒரு கிழமை கழித்து நீதிபதியின் முடிவு வந்தது. சட்டத்தரணி அதை எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். நான் அந்த வீட்டின் எசமானி போல் நடந்துகொண்டேனாம். ஆகையால் அனுமதி கொடுக்க எனக்குத் தகுதி இருந்ததாம். மறுக்கலாம் என்று எனக்குத் தெரியாதது ஒரு குறையே தவிர, அனுமதி செல்லாதென்று சொல்ல அது மட்டும் போதாதாம். கடைசியாக, அச்சம் கொண்ட ஒருவர் தன்னை அச்சுறுத்துபவருக்குப் பலகாரம் எடுத்துக் கொடுக்கக் கதிரையில் ஏறமாட்டார், இது பொது அறிவு என்று எழுதியிருந்தார். யாருடைய பொது அறிவு என்று கேட்க வாய் வந்தது. ஆனால் அவர் பொய் எழுதவில்லை. தான் வளர்ந்த வீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார். என் அம்மா வீட்டைப் பார்த்து ஒரு நீதிபதி எழுதினால் அது எப்படியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். உரிமை என்பது எழுத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் உன் முகத்தையும் கையையும் வாசித்துத்தான் அதை உனக்குக் கொடுக்கிறார்கள். வாசிக்கத் தெரியாதவர் கையில் போனால் என்ன செய்வது? நீ இந்த நாட்டிலேயே வளரப்போகிறவள், அவர்களுக்கு வாசிக்கத் தெரிந்த முகம் உனக்கு வந்துவிடும். அது நல்லதா என்றும் எனக்குத் தெரியவில்லை.

மாமாவுக்குச் சிறை இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நாட்டைவிட்டுத் தானாகப் போவதாக ஒழுங்கு செய்தார்கள். கடைசியாக அவரைப் பார்த்தது, அவர் ஒப்புக்கொண்ட அன்று, நீதிமன்ற நடைபாதையில்தான். சிவந்த முகத்துப் பொலிஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நான் உங்களைப் பயமுறுத்த நினைக்கவில்லை, மேடம்" என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம். அதுவரை தான் ஒரு வீட்டில் மரியாதையாக நடந்த மனிதன் என்று நினைத்திருந்தவர். என் சாட்சியம் அதை அவரிடமிருந்து பறித்துவிட்டது. அவர் போன பிறகு மாமா பக்கத்தில் வந்தார்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் மெய்யாவே பயந்தனீங்களோ, இல்லாட்டி எனக்காகச் சொன்னனீங்களோ?"

"எனக்குத் தெரியேல்லையடா."

"உங்களுக்குத் தெரியாட்டில் ஆருக்குத் தெரியும்?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். பிறகு, "முறுக்கு நல்லா இருந்தது. எல்லாத்தையும் நாலு நாளில முடிச்சிட்டன்" என்றார்.

அவர் கேட்டது என்னை விடவில்லை. அது உண்மையென்றால், ஒரு நீதிமன்றம் என் உண்மையை நம்பவில்லை. பொய்யென்றால், சத்தியம் செய்து ஒரு நல்ல மனிதனின் மேல் பழி போட்டேன், அதாலும் தம்பியைக் காப்பாற்ற முடியவில்லை. அப்பா, இரண்டும் கலந்துதான் இருக்கும், விடும் என்கிறார். எனக்கு விட முடியவில்லை. கதவைத் திறந்தபோது நீ என் இடுப்பில் இருந்தாய். நாலு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமக்காதே என்று அப்பா ஏசுவார், ஆனாலும் அன்றைக்குச் சுமந்திருந்தேன். உன் தலை என் நெஞ்சில் சாய்ந்திருந்தது. அந்த நேரத்தில் என் நெஞ்சு எப்படி அடித்தது என்று அறிந்த வேறொரு ஆள் இந்த உலகத்தில் இல்லை. இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளும் உன்னைக் கேட்கவில்லை.

நேற்று உன்னைக் குளிப்பாட்டும்போது கேட்க வாயெடுத்தேன். "அண்டைக்கு மாமா வீட்டில அம்மா பயந்தவவோ, குஞ்சு?" என்று. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். நான் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று அந்த முகத்தில் தேடி, கண்டுபிடித்து, அதையே சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரிந்தது. அப்படி ஒரு சாட்சியை உன் வாயிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்கவில்லை. துவாயால் உன் தலையைத் துடைத்துவிட்டேன். நீ வளர்ந்த பிறகு, யாரும் கேட்காமல், உனக்குத் தானாக ஏதாவது ஞாபகம் வந்தால் வந்து சொல்லு. எந்தப் பதிலாக இருந்தாலும் சொல்லு. ஒன்றும் ஞாபகம் இல்லையென்றால், அதையும் அப்படியே சொல்லு.